கையிருப்பில் இருக்கும் படை

பாலைவனத்தில் வரிசை கட்டி நிற்கும் போர் விமானங்கள், பனியிலும் மழையிலும் நனைந்து கிடக்கும் டாங்கிகள். ஒரு நாடு தன் பழைய படைக்கலன்களை எப்படிப் பேணியது என்பது போர் வரும்போது தெரிந்துவிடுகிறது.

2008-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரை ஒட்டிய பாலைவனத்துக்கு ஒரு பி-52 குண்டுவீச்சு விமானம் ஓய்வுக்கு வந்தது. விமானப் படையினர் அதற்கு வைத்திருந்த பெயர் ‘கோஸ்ட் ரைடர்’. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அது வெயிலில் நின்றது. 2014-இல் லூசியானா மாநிலத்தின் பார்க்ஸ்டேல் தளத்தில் இன்னொரு பி-52-இன் விமானி அறையில் தீப்பிடித்து, அந்த விமானம் பயனற்றுப்போனது. அந்த ரகத்தின் கடைசி விமானம் ஆலையிலிருந்து வெளிவந்த ஆண்டு 1962. புதிதாக ஒன்றைச் செய்து வாங்க வழியே இல்லை. ஆகவே, பாலைவனத்தில் நின்ற விமானத்தைத் திறந்தார்கள், எஞ்சின்களை ஓட்டிப் பார்த்தார்கள். 2015 பிப்ரவரியில் அது தானே பறந்து பார்க்ஸ்டேலுக்குப் போய்ச் சேர்ந்தது. முழுச் சீரமைப்பு முடிந்து, 2016-இல் மீண்டும் பணிக்கு வந்தது.

2022 மே மாதம், தெற்கு உக்ரைனில் ரஷ்யாவின் சரக்கு ரயில்கள் டி-62 டாங்கிகளை ஏற்றிக்கொண்டு வந்தன. 1961-இல் சோவியத் படையில் சேர்ந்த ரகம் அது. போர் தொடங்கி மூன்று மாதங்களே ஆகியிருந்தன. அடுத்த ஆண்டு மார்ச்சில் அதற்கும் மூத்த டி-54, டி-55 ரக டாங்கிகள் தூரக் கிழக்கிலிருந்து ரயிலேறின.

இரண்டுமே சேமக் கையிருப்பிலிருந்து வந்தவைதான். ஒன்று, தேவைப்பட்ட இடத்துக்குத் தேவைப்பட்ட பொருள் வந்த கதை. மற்றொன்று, நல்லவை தீர்ந்துகொண்டே போக, மிச்சம் இருந்ததை அனுப்பிய கதை. இந்த வேறுபாட்டுக்கு என்ன காரணம் என்ற கேள்வி, படை வைத்திருக்கும் எல்லா நாடுகளுக்கும் பொருந்தும். இந்தியாவுக்கும்தான்.

உருக்கி விற்ற காலம்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகள் சுமார் 3 லட்சம் விமானங்களைச் செய்து குவித்தன. 1945-இல் போர் முடிந்ததும் அவற்றில் பெரும்பாலானவை ஒரே நாளில் வேண்டாதவை ஆகிவிட்டன. அரிசோனாவின் கிங்மேன், ஆர்கன்சாவின் வால்நட் ரிட்ஜ் போன்ற ஊர்களின் ஓடுதளங்கள் விமானங்களால் நிரம்பி வழிந்தன. 1946-இல் கிங்மேனில் இருந்த 5,437 விமானங்களை ஓர் ஒப்பந்ததாரர் 27.8 லட்சம் டாலருக்கு ஏலம் எடுத்தார். துண்டு துண்டாக வெட்டி, உலையில் போட்டு, அலுமினியப் பாளங்களாக வார்த்து விற்றார். ஹாலிவுட் படங்களில் சாகச விமானியாக இருந்த பால் மான்ட்ஸ், ஓக்லஹோமாவில் நின்ற 475 விமானங்களை வெறும் 55,000 டாலருக்கு வாங்கினார்.

எல்லாவற்றையும் உருக்கிவிடவில்லை. பி-29 குண்டுவீச்சு விமானங்களையும் சி-47 சரக்கு விமானங்களையும் டூசானுக்கு அருகே டேவிஸ்-மான்தன் தளத்தில் 1946 முதல் சேமித்து வைத்தார்கள். ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசிய ‘எனோலா கே’ விமானமும் சில காலம் அங்கே இருந்தது. நான்கே ஆண்டுகளில், 1950-இல் கொரியப் போர் வெடித்தது. சேமிப்பில் இருந்த பி-29-கள் மீண்டும் பறக்கப் போயின. பழைய விமானத்தைக் காப்பாற்றி வைப்பது வீண் செலவு அல்ல என்பதை அமெரிக்கா அப்போது கற்றது. அந்தத் தளம் இன்றுவரை மூடப்படவில்லை.

வறண்ட மண் தந்த வரம்

டேவிஸ்-மான்தன் தளத்தின் சேமிப்புப் பகுதி சுமார் 2,600 ஏக்கர். ஏறத்தாழ 3,000 விமானங்கள் அங்கே நிற்கின்றன. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, காற்றில் ஈரம் குறைவு, மழையும் குறைவு. ஆகவே துரு மெதுவாகத்தான் பிடிக்கும். இரண்டாவது, அங்குள்ள சுண்ணாம்பு கலந்த மண் பாறைபோல் இறுகியது. கான்கிரீட் தளம் போடாமலேயே, கனமான குண்டுவீச்சு விமானத்தைக்கூட நேரடியாக நிலத்தில் நிறுத்தலாம். சக்கரம் புதையாது.

மண்ணும் வானிலையும் பாதிதான். மீதி, மனித உழைப்பு. வந்து இறங்கும் விமானத்தை முதலில் கழுவுகிறார்கள். கப்பலில் இருந்த விமானமென்றால் உப்பு முழுக்கப் போக வேண்டும். துப்பாக்கிகளையும், விமானி இருக்கையை வெளியே தள்ளும் வெடிப்பொருளையும், ரகசியக் கருவிகளையும் கழற்றி எடுக்கிறார்கள். எரிபொருளை வடித்துவிட்டு, இளகிய எண்ணெயை அமைப்புக்குள் ஓடவிட்டு அதையும் வடிக்கிறார்கள். குழாய்களின் உள்சுவரில் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் தங்கி, துருவைத் தடுக்கும். பிறகு எஞ்சின் வாய்கள், கண்ணாடிகள், இடுக்குகள் எல்லாவற்றையும் ஒட்டுநாடாவால் மூடி, அதன்மேல் உரித்தெடுக்கக்கூடிய பூச்சைத் தெளிக்கிறார்கள். அடியில் கறுப்பு, மேலே வெள்ளை. வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்புவதால் உள்ளே வெப்பம் ஏறாது. மின் இணைப்புகளும் ரப்பர் பாகங்களும் தப்பிக்கும்.

அதோடு வேலை முடிவதில்லை. நீண்டகாலச் சேமிப்பில் உள்ள விமானத்தை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை திறந்து, பரிசோதித்து, மறுபடி மூடுகிறார்கள். எந்த விமானம் மீண்டும் பறக்க வேண்டியது, எதிலிருந்து உதிரிபாகம் எடுக்கலாம், எது வெட்டுவதற்கு என்று முன்கூட்டியே தரம் பிரித்துவிடுகிறார்கள். மீண்டும் பறக்க வேண்டியதில் கை வைத்து ஒரு திருகாணியைக்கூட எடுக்க, மேலிடத்து அனுமதி தேவை. விதைநெல்லைக் காயவைத்து, பூச்சி அண்டாமல் கட்டி, பசித்தாலும் அதில் கை வைக்காத குடியானவரின் கட்டுப்பாடு அது.

பலனும் கண்முன்னே இருக்கிறது. 2016-இல் குவாம் தீவில் ஒரு பி-52 விபத்தில் எரிந்தபோது, ‘வைஸ் கை’ என்ற இன்னொரு விமானம் 2019-இல் இதே பாலைவனத்திலிருந்து எழுந்து வந்தது. இந்தோனேசியாவுக்கு 24 பழைய எஃப்-16 விமானங்களைப் புதுப்பித்துக் கொடுத்ததும் இந்தக் கையிருப்பிலிருந்துதான். பிரிட்டன் 2010-இல் ஹாரியர் விமானங்களை ஓய்வுக்கு அனுப்பியது. அவற்றில் 72-ஐ அமெரிக்க மரைன் படை உதிரிபாகத்துக்காக வாங்கிக்கொண்டு, தன் ஹாரியர்களை மேலும் பல ஆண்டுகள் பறக்கவைத்தது. அவற்றையும் டூசானுக்குத்தான் கொண்டுவந்தார்கள்.

வெட்டிக் காட்டிய ஒப்பந்தம்

கையிருப்பு என்பது பலம். அதனாலேயே எதிர்த் தரப்புக்கு அது அச்சம். 1991-இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணு ஆயுதங்களைக் குறைக்கச் செய்துகொண்ட ஸ்டார்ட் ஒப்பந்தம், பறக்கும் விமானங்களோடு நிறுத்திவைத்த விமானங்களையும் கணக்கில் எடுத்தது. அதன்படி டூசானில் இருந்த 365 பி-52-களை அழிக்க வேண்டியிருந்தது. கிரேனில் தொங்கவிட்ட ஆறு டன் எடையுள்ள இரும்புக் கத்தியை இறக்கி, ஒவ்வொன்றையும் ஐந்து துண்டுகளாக வெட்டினார்கள். வெட்டிய துண்டுகள் அசையாமல் 90 நாட்கள் திறந்தவெளியில் கிடந்தன. ரஷ்யச் செயற்கைக்கோள்கள் மேலிருந்து பார்த்து உறுதிசெய்வதற்காக.

2006-இல் அமெரிக்கக் கடற்படை எஃப்-14 விமானங்களை ஓய்வுக்கு அனுப்பியபோது, அச்சம் வேறு திசையிலிருந்து வந்தது. 1979 புரட்சிக்கு முன் ஈரான் அந்த ரகத்தில் 79 விமானங்களைப் பெற்றிருந்தது. உதிரிபாகங்கள் ஏதோ ஒரு வழியில் ஈரானுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, சேமிப்பில் இருந்த எஃப்-14-களை 2007 முதல் நொறுக்கத் தொடங்கினார்கள்.

மூன்றாவது கதை உக்ரைனுடையது. சோவியத் ஒன்றியம் உடைந்தபோது, உலகின் மிகப் பெரிய ஒலிமிஞ்சிய குண்டுவீச்சு விமானமான டியூ-160-இல் 19 உக்ரைன் மண்ணில் நின்றன. அவற்றைப் பறக்கவைக்கப் பணமில்லை. அமெரிக்க நிதியுதவியோடு பலவற்றை வெட்டினார்கள். 1999-2000-இல் 8 டியூ-160-களும் 3 டியூ-95-களும் நூற்றுக்கணக்கான க்ரூஸ் ஏவுகணைகளும் எரிவாயுக் கடனுக்கு ஈடாக ரஷ்யாவுக்குப் போயின. இருபது ஆண்டுகள் கழித்து, ரஷ்யாவின் நெடுந்தூர விமானப் படை உக்ரைன் நகரங்கள்மீது ஏவுகணை வீசியது. ஒரு நாடு பராமரிக்க முடியாமல் கைவிட்டது, இன்னொரு நாட்டின் கையில் பலமாக மாறியது.

உரால் மலைக்கு அப்பால்

டாங்கிகளைப் பொறுத்தவரை சோவியத் ஒன்றியத்தை மிஞ்ச ஆளில்லை. பனிப்போரின் முடிவில் அதனிடம் 50,000-க்கும் மேற்பட்ட டாங்கிகள் இருந்தன. 1990 நவம்பரில் பாரிஸில் கையெழுத்தான ஐரோப்பிய மரபுவழிப் படைகள் ஒப்பந்தம், அட்லாண்டிக் கடலிலிருந்து உரால் மலைவரை மேற்கு, கிழக்கு என்ற இரண்டு அணிகளுக்கும் தலா 20,000 டாங்கிகள்தான் என்று வரம்பு விதித்தது. கையெழுத்துக்கு முன்பே சோவியத் தளபதிகள் பல்லாயிரக்கணக்கான டாங்கிகளையும் பீரங்கிகளையும் ரயிலேற்றி உராலுக்குக் கிழக்கே அனுப்பிவிட்டார்கள். வரம்பு அங்கே செல்லாது. சைபீரியாவிலும் தூரக் கிழக்கிலும் இருந்த கிடங்குகள் கொள்ளாமல், பெரும்பகுதி வெட்டவெளியில் நின்றது. சோவியத் அரசு ஓராண்டில் மறைந்தது. டாங்கிகள் நின்ற இடத்திலேயே நின்றன.

டூசானின் வெயில் அங்கே இல்லை. குளிர்காலத்தில் பனி மூடும். வசந்தத்தில் உருகிய நீர் மூடி இடுக்குகள் வழியே உள்ளே இறங்கும். டாங்கியின் கனத்த எஃகுச் சுவர் அரை நூற்றாண்டு தாங்கும். ஆனால், ரப்பர் வளையங்கள் வெடிக்கும், மின்கம்பி உறைகள் உதிரும், குறிபார்க்கும் கண்ணாடிகள் மங்கும், மின்கலங்கள் செத்துப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் டாங்கி. உள்ளே எதுவும் இயங்காது.

லண்டனில் இயங்கும் ஐஐஎஸ்எஸ் ஆய்வு நிறுவனம், உக்ரைன் போருக்கு முன் ரஷ்யாவின் சேமிப்பில் சுமார் 10,000 டாங்கிகள் இருப்பதாக மதிப்பிட்டது. ஆயிரக்கணக்கான டாங்கிகளைக் களத்தில் இழந்த பிறகும் ரஷ்யா போரைத் தொடர முடிந்ததற்கு அந்தக் கையிருப்பே முதல் காரணம். இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. வேறு எந்த நாட்டாலும் அப்படி ஓர் இழப்பைத் தாங்கியிருக்க முடியாது.

ஆனால், எதை எந்த வரிசையில் எடுத்தார்கள் என்று பாருங்கள். கூரையின்கீழ் இருந்த டி-80, டி-72 ரகங்கள் முதலில் போயின. தானாகக் குண்டு நிரப்பும் இயந்திரமும் மின்னணுக் கருவிகளும் கொண்டவை அவை. வெட்டவெளியில் கெட்டுப்போனவற்றைச் சரிசெய்ய நீண்ட நாள் ஆனது. டி-62-இல் நான்கு பேர். குண்டைக் கையால்தான் நிரப்ப வேண்டும். கெட்டுப்போக அதில் அதிகமில்லை. ஆகவே அது விரைவில் ஓடத் தயாரானது. சிட்டா நகருக்கு அருகே அதமானோவ்காவில் உள்ள பழுதுபார்க்கும் ஆலையில், மூன்றாண்டுகளில் 800 டி-62-களைப் புதுப்பிக்கப்போவதாக 2022 அக்டோபரில் அறிவித்தார்கள். புதிய குறிபார்க்கும் கருவிகளைப் பொருத்தினாலும் கவசம் 1960-களுடையதுதான். தோளில் வைத்துச் சுடும் இன்றைய ஏவுகணைகளை அது தாங்காது. அதற்குள் இருந்த நால்வர் கொடுத்த விலை அது.

வணிகச் செயற்கைக்கோள் படங்களில் அந்தக் கிடங்குகள் ஆண்டுக்காண்டு வெறிச்சோடுவது தெரிந்தது. மிஞ்சி நிற்பவற்றில் பெரும்பாலானவை கோபுரம் கழன்ற கூடுகள். விமானங்களின் நிலை இன்னும் கடினம். 2025 ஜூன் 1 அன்று உக்ரைன் லாரிகளில் மறைத்துக் கொண்டுபோன ட்ரோன்களால் ரஷ்யாவின் உள்நாட்டு விமானத் தளங்களைத் தாக்கியது. அதில் அழிந்த டியூ-95 ரகத்தின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. அவற்றின் இடத்தை நிரப்பக் கையிருப்பு கிடையாது.

கிடங்குகளைத் தேடிய ஐரோப்பா

மேற்கு ஐரோப்பாவும் இந்தப் பாடத்தைத் தாமதமாகத்தான் கற்றது. பனிப்போர் முடிந்ததும் டாங்கிகளுக்கு இனி வேலையில்லை என்று முடிவுகட்டி, வந்த விலைக்கு விற்றார்கள். நெதர்லாந்து 2011-இல் டாங்கிப் படையையே கலைத்தது. அதன் லெப்பர்டு 2 டாங்கிகளில் 100-ஐ 2014-இல் பின்லாந்து சுமார் 20 கோடி யூரோவுக்கு வாங்கியது. ரஷ்யாவோடு நீண்ட எல்லை கொண்ட பின்லாந்துக்கு அது நல்ல வியாபாரம். பத்தாண்டுகள் கழித்து, 2024-இல், டாங்கிப் படையை மறுபடி உருவாக்கப்போவதாக நெதர்லாந்து அறிவித்தது.

ஸ்பெயினின் சரகோசா நகரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட லெப்பர்டு 2ஏ4 டாங்கிகள் பல ஆண்டுகளாகச் சேமிப்பில் இருந்தன. 2022-இல் அவற்றை உக்ரைனுக்குத் தரலாம் என்ற பேச்சு எழுந்தபோது, அனுப்பக்கூடிய நிலையில் அவை இல்லை என்று பாதுகாப்பு அமைச்சர் மார்கரீட்டா ரோப்லெஸ் சொல்லிவிட்டார். பழுதுபார்த்து முதல் ஆறு டாங்கிகள் கப்பலேறியபோது 2023 ஏப்ரல் ஆகிவிட்டது. பெல்ஜியத்தில் நடந்தது இன்னும் வேதனை. அரசு தன் பழைய லெப்பர்டு 1 டாங்கிகளை ஒரு தனியார் நிறுவனத்துக்கு, ஒன்று ஏறத்தாழ 37,000 யூரோ என்று விற்றிருந்தது. 2023-இல் அவற்றைத் திரும்ப வாங்கப் போனபோது சொல்லப்பட்ட விலை பல மடங்கு. அரசு வாங்கவில்லை. அவை பின்னர் ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் கைக்குப் போயின.

இதற்கு நேர் எதிரான முன்மாதிரியும் ஐரோப்பாவிலேயே இருக்கிறது. படைப்பிரிவு முழுவதற்கும் வேண்டிய டாங்கிகள், கவச வாகனங்கள், லாரிகள் அனைத்தையும் சண்டை வரக்கூடிய இடத்துக்கு அருகிலேயே சேமித்து வைப்பது அமெரிக்காவின் பழைய வழக்கம். நார்வேயில் மலையைக் குடைந்த குகைகளிலும், ஜெர்மனியிலும், குவைத்திலும் அவை உள்ளன. ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்திய கூடங்களில் வைத்து, முறைவைத்து எஞ்சினை ஓட்டி, மின்கலம் மாற்றுகிறார்கள். 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதும் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து ஒரு கவசப் படைப்பிரிவின் வீரர்கள் ஜெர்மனிக்கு விமானத்தில் வந்தார்கள். அங்கே கிடங்கில் தயாராக இருந்த டாங்கிகளை எடுத்துக்கொண்டு, சில நாட்களிலேயே பயிற்சிக் களத்தில் இறங்கினார்கள். கடல் வழியாக டாங்கிகளைக் கொண்டுவந்திருந்தால் வாரக்கணக்கில் ஆகியிருக்கும்.

அமெரிக்காவின் ஏப்ரம்ஸ் டாங்கிக்கும் கையிருப்புதான் ஆதாரம். பல பத்தாண்டுகளாக அந்நாட்டுத் தரைப்படை புதிய உடற்கூடு வாங்குவதில்லை. சேமிப்பில் உள்ள பழைய டாங்கியை அலபாமாவின் அனிஸ்டன் பணிமனையில் திருகாணிவரை பிரிக்கிறார்கள். ஒஹாயோவின் லைமா ஆலையில் புதிய கருவிகளோடு மறுபடி கட்டுகிறார்கள். கிடங்கு, பணிமனை, ஆலை மூன்றும் ஓயாமல் இயங்குவதால்தான் அது முடிகிறது.

ஆவடியில் இருக்கும் விடை

இந்தியாவுக்கு வருவோம். 1963-இல் விமானப் படையில் சேர்ந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அதோடு, 42 ஸ்குவாட்ரன்கள் (விமான அணிகள்) இருக்க வேண்டிய இடத்தில் எண்ணிக்கை 29-ஆகக் குறைந்தது. இருக்கும் விமானங்களைப் பறக்கவைக்க, பிறர் கழித்ததை நாம் தேடி வாங்குகிறோம். பிரான்ஸ் ஓய்வுக்கு அனுப்பிய 24 மிராஜ்-2000 விமானங்களை 2021-இல் சுமார் 2.7 கோடி யூரோவுக்கு உதிரிபாகத்துக்காக வாங்கினோம். ஜாகுவார் விமானத்தை இன்று உலகில் போர்ப்பணியில் வைத்திருக்கும் ஒரே நாடு இந்தியா. அதன் பாகங்களுக்காகப் பிரான்ஸ், ஓமன் ஆகிய நாடுகள் கழித்த விமானங்களை நாடியிருக்கிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு பழைய விமானத்தின் இறங்குசக்கரம் இன்னொன்றைப் பறக்கவைக்கும் என்றால் அது நல்ல செலவுதான். ஆனால், பிறர் சேமித்து வைத்ததால்தான் நமக்குக் கிடைத்தது என்பதை மறக்கக் கூடாது.

டாங்கிகளில் நம் நிலை இதைவிட மேல். காரணம், சென்னையை அடுத்த ஆவடி. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் ‘விஜயந்தா’ டாங்கி வெளிவந்தது. பிறகு டி-72, டி-90, அர்ஜுன் என்று மூன்று தலைமுறை டாங்கிகள் அங்கே உருவாகின. இந்தியத் தரைப்படையில் எண்ணிக்கையில் பெரியது இன்றும் டி-72தான். ஓடத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதன் 780 குதிரைத்திறன் எஞ்சினுக்குப் பதிலாக 1,000 குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்த, 2025 மார்ச்சில் ரஷ்யாவோடு 24.8 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த எஞ்சினைச் செய்யும் தொழில்நுட்பம் ஆவடிக்கு வருகிறது. டெல்லி கன்டோன்மென்ட்டில் உள்ள தரைப்படைப் பணிமனை, 2024-இல் முதல்முறையாக ஒரு டி-90-ஐ முழுக்கப் பிரித்து ஓவர்ஹால் செய்து முடித்தது. சூலூரிலும் ஆவடியிலும் விமானப் படையின் பழுதுநீக்கும் தளங்கள் இயங்குகின்றன.

புதிய விமானம் வாங்கும்போது அமைச்சர்கள் வருகிறார்கள், தலைப்புச் செய்தி வருகிறது. ஒரு பணிமனையில் நாற்பது வயது டாங்கியின் கியர்பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு பல்லாகச் சோதித்து, மறுபடி பூட்டும் தொழிலாளியை யாரும் படம் பிடிப்பதில்லை. நாட்டின் கையிருப்பு உயிரோடு இருப்பது அவர் கையில்தான். அவர் ஓய்வு பெறும்போது, அவருடைய கைத்திறனைக் கற்ற இளைஞர் ஒருவர் அந்த இடத்தில் இருக்க வேண்டும். ஆள் எடுக்காமல் பணியிடங்களைக் காலியாக விட்டால், பத்தாண்டுகள் கழித்து எத்தனை கோடி கொடுத்தாலும் அந்தத் திறன் திரும்பாது.

மூன்று காரியங்களை இந்தியா செய்தாக வேண்டும். ஓய்வுக்குப் போகும் ஒவ்வொரு ரகத்துக்கும் எதைப் பேணுவது, எதிலிருந்து பாகம் எடுப்பது, எதை அழிப்பது என்ற முடிவை, ஓய்வுக்கு முன்பே எடுக்க வேண்டும். பேண வேண்டியவற்றை மழை படாத இடத்தில் முறையாக வைக்க வேண்டும். ராஜஸ்தானின் வறண்ட நிலப்பரப்பில் அதற்கு ஒரு மையம் அமைப்பதைப் பரிசீலிக்கலாம். ஓவர்ஹால் பணிமனைகளுக்கு அமைதிக் காலத்திலும் குறையாமல் பணமும் ஆளும் தர வேண்டும்.

நாடாளுமன்றத்தில் பாதுகாப்புச் செலவு விவாதத்துக்கு வரும்போதெல்லாம் ஒரு கேள்வி எழ வேண்டும்: நம்மிடம் இருப்பதில், இன்றே கிளம்பச் சொன்னால் எத்தனை கிளம்பும்? அதற்கு நேர்மையான பதில் சொல்ல முடிந்த நாட்டுக்குத்தான் கையிருப்பு உண்டு. பேணாமல் விட்டதைப் பலம் என்று நம்பி எந்த நாடும் தன் பிள்ளைகளைப் போர்முனைக்கு அனுப்பக் கூடாது.